சத்தம் நிற்கும் இடம்

பிப்ரவரி 9

தங்கச்சிக்கு அண்ணன் எழுதுவது.

உன் இடுப்பு வலி குறைந்ததா? மாப்பிள்ளை சர்க்கரைக்கு மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாரா, இல்லை மாத்திரை போட்ட தைரியத்தில் காபியில் இரண்டு கரண்டி சேர்த்துக்கொள்கிறாரா? எனக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை.

இன்று காலை வண்டி ஓடியது. பழைய இரும்புக் கடையில் நாம் இரண்டு பேரும் சேர்ந்து எடுத்த அதே மோட்டார் சைக்கிள்தான். இத்தனை வருஷமும் மாட்டுவதும் பிரிப்பதுமாகத் தகர டப்பாக்களிலும் செய்தித்தாள் பொட்டலங்களிலும் கிடந்தது. நாலாவது உதையில் பிடித்துக்கொண்டது. பக்கத்துக் கொட்டகை பெயிண்டர் சுவர்மேல் எட்டிப் பார்த்து ஏதோ சொன்னான். என்ன சொன்னான் என்று தெரியவில்லை. அவன் எப்போதும் வாய்க்குள்ளேயே பேசுகிறவன்.

வால்வைத் தள்ளும் டாப்பெட் இரண்டின் இடைவெளியையும் என் முறைப்படிதான் வைத்தேன். உனக்கே தெரியும். முதலில் தளர்த்திவிட வேண்டும், டக் டக்கென்று அடிக்கும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிக்கொண்டே வந்து, சத்தம் நிற்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். புத்தகம் படித்து வேலை கற்றவர்களுக்குத்தான் அளவுகோல் வேண்டும். நான் யாரிடமும் கற்றவன் இல்லை. என் காதுதான் எனக்கு அளவுகோல். இந்தத் தடவை ஆச்சரியம், இரண்டு திருகிலேயே சத்தம் நின்றுவிட்டது.

அக்டோபரில் பழைய வண்டிக்காரர்கள் சங்கத்தின் நெடும்பயணம். இந்த வருஷம் நான் போகிறேன். சைடுகாருடன் போகிறேன். வண்டியின் பக்கத்தில் மாட்டுகிற அந்தப் பெட்டி, உன் கடைப் பின்கட்டில் எந்த நிலையில் இருக்கிறது? தரை போட்டாயா? சீட்டு தைத்தாயா? விவரமாக எழுது. போனில் கூப்பிடாதே. மகன் புதுசாக ஒன்று வாங்கிக் கொடுத்தான், அதுவும் பழைய லட்சணம்தான். பேசுகிறவர்கள் எல்லோரும் வாயில் துணியை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


பிப்ரவரி 26

அன்புள்ள அண்ணனுக்கு,

இடுப்பு அப்படியேதான் இருக்கிறது. குனிந்து தைக்கிறவளுக்கு அது கூடவே வரும். இவர் காபியில் ஒரு கரண்டிதான் போடுகிறார். கரண்டியைத்தான் பெரிசாக மாற்றிவிட்டார். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

வண்டி ஓடியது என்று படித்ததும் கடையில் எல்லோருக்கும் கேட்கும்படி வாய்விட்டுச் சிரித்தேன். சீட்டு மாற்ற வந்த லாரிக்காரர் பயந்துபோனார். எனக்கு ஒரே ஒரு பயம்தான். ஒவ்வொரு வருஷமும் பயணத்துக்குக் கொஞ்சம் முன்னால் எதையாவது கண்டுபிடித்து வண்டியைப் பிரித்துவிடுவாய். இந்தத் தடவை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்.

பெட்டியின் தரை முழுவதும் துருப்பிடித்துச் சல்லடையாக இருந்தது. வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்துவிட்டேன். மூக்குப் பகுதியில் இருந்த நசுங்கலைப் பின்பக்கமிருந்து மரச்சுத்தியால் தட்டி எடுத்தாயிற்று. சீட்டுக்குக் கருஞ்சிவப்புத் தோல் வரவேண்டும், ஓரத்தில் வெள்ளை வார் ஓடும். அதைப் பார்த்தால் உனக்கே உட்கார ஆசை வரும்.

ஒரு வேண்டுகோள். உன் மகனிடம் சொல்லி என்ஜின் ஓடும் சத்தத்தைப் பதிவு செய்து இவர் போனுக்கு அனுப்பச் சொல். சின்ன வயதில் திருப்புளியின் நுனியை என்ஜினில் வைத்து, கைப்பிடியை என் காதில் வைத்து, "என்ன கேக்குது சொல்லு" என்பாய். நான் சொல்வதை நம்பாமல் பிடுங்கி உன் காதில் வைத்துக்கொள்வாய். இப்போது பிடுங்க முடியாத தூரத்தில் உட்கார்ந்து நிதானமாகக் கேட்கிறேன்.

அன்புடன்,
தங்கச்சி


மார்ச் 12

தங்கச்சிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். எனக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. உன் இடுப்புக்கு முக்காலியை உயர்த்திப் போடு, நான் முன்பே சொன்னேன், நீ கேட்கவில்லை.

சத்தம் அனுப்பியாயிற்று. மகன் போனைக் கல்லின்மேல் சாய்த்து வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டான். முழு நேரமும் ஓடவிட்டேன். நன்றாகக் கேள். பட்டுத் துணியை விரலால் தடவுகிற மாதிரி இருக்கும். இந்த வண்டி புதிதாக வந்தபோதுகூட இப்படி ஓடியிருக்காது.

சங்கத்துச் செயலாளரைப் பார்த்தேன். அவர் வண்டி எப்படிப் பளபளக்கிறது என்று உனக்குத் தெரியும். ஒரு நட்டைக்கூட அவர் கழற்றியதில்லை. முடித்த வண்டியை வாங்கி, மேலே துடைத்து, கூட்டத்தில் பேசுவார். என்னிடம், "இந்த வருஷமாவது வருவீங்களா, இல்ல வழக்கம்போலதானா?" என்று கேட்டார். கேட்டுவிட்டுப் பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ சொன்னார், இரண்டு பேரும் சிரித்தார்கள். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாமல் இருக்கத்தான் தாழ்ந்த குரலில் சொல்லியிருக்கிறார். இப்போதெல்லாம் என் எதிரே எல்லோரும் அப்படித்தான் பேசுகிறார்கள்.

பெட்டியை ஏப்ரல் கடைசிக்குள் லாரியில் ஏற்றிவிடு. கொக்கிகளுக்கு இடம் பார்த்து வைத்துவிட்டேன். சத்தம் எப்படி இருந்தது என்று உடனே எழுது.

அண்ணன்


ஏப்ரல் 20

அன்புள்ள அண்ணனுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கடையில் பள்ளிப் பேருந்துகளின் சீட்டு வேலை வந்து குவிந்தது. உனக்கு வெயில் ஒத்துக்கொள்கிறதா? தலையில் துண்டு போடாமல் கொட்டகையில் நிற்காதே.

பதிவு வந்தது. கேட்டேன். இவரும் கேட்டார்.

டாப்பெட்டை என்ஜின் சூடாக இருக்கும்போது வைத்தாயா, ஆறிய பிறகா? வேறு ஒன்றும் இல்லை, சும்மா கேட்கிறேன். இத்துடன் ஒரு சின்னப் பொட்டலம் அனுப்புகிறேன். உள்ளே பீலர் கேஜ் இருக்கிறது. இடைவெளிக்குள் அந்த மெல்லிய தகட்டைச் செருகிப் பார்த்தால் போதும். உன் முறை தப்பு என்று சொல்லவில்லை. ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளத்தான்.

கருஞ்சிவப்புத் தோல் இன்னும் வரவில்லை. அதனால் பெட்டி ஏப்ரலுக்குள் வராது. கோபித்துக்கொள்ளாதே.

நன்றாகத் தூங்கு. வண்டியை இப்போதைக்குத் தெருவில் எடுக்காதே. பிரேக் வயர் புதுசு, கொஞ்சம் இழுபட வேண்டும் அல்லவா.

அன்புடன்,
தங்கச்சி


மே 1

தங்கச்சிக்கு,

எனக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. தலையில் துண்டும் போட்டுக்கொள்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். மற்றதைப் பேசுவோம்.

உன் தகடு இழுப்பறையில் கிடக்கிறது. அங்கேயே கிடக்கட்டும். பல்லைக் காட்டாத வண்டிக்கு எதற்குப் பல் வைத்தியர்?

சத்தத்தைப் பற்றி நீ ஒரு வார்த்தை எழுதவில்லை. நல்லா இருக்கு என்றும் இல்லை, நல்லா இல்லை என்றும் இல்லை. இத்தனை வருஷ உழைப்புக்கு "கேட்டேன், இவரும் கேட்டார்." ஊர்கோலம் பார்த்த மாதிரி.

சத்தத்தில் ஏதாவது இருந்திருந்தால் அது போனின் சத்தம். அந்தப் போனுக்கு எதையும் ஒழுங்காகக் கொடுக்கவும் தெரியாது, எடுக்கவும் தெரியாது. பெயிண்டரிடம் எதற்கும் கேட்டு வைப்போம் என்று வண்டியை ஓடவிட்டுக் கூப்பிட்டேன். இந்தத் தடவை நேருக்கு நேர் நின்று, வாயைத் திறந்து, "தகர டப்பால கூழாங்கல்லு போட்டு ஆட்டற மாதிரி இருக்குங்க" என்றான். நான் அவனிடம், நீ இனிமேல் சாயம் மட்டும் அடி, அபிப்பிராயம் அடிக்காதே என்றேன். ஆனாலும் மனசு ஆறவில்லை. மூடியைக் கழற்றினேன். மறுபடி தளர்த்தினேன், மறுபடி இறுக்கினேன். ஒரு திருகிலேயே சத்தம் நின்றுவிட்டது. இதற்குமேல் என்ன வேண்டும்?

ஆனாலும் இரண்டு நாளாகக் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. கார்புரேட்டரைக் கழற்றினேன், மாட்டினேன். சங்கிலியை ஒரு பல் தளர்த்தினேன், மறுபடி இழுத்தேன். உட்கார முடியவில்லை. பெட்டி வந்தால் எல்லாம் சரியாகும்.

தோல் வரவில்லை என்றால் ரெக்சின் போட்டு அனுப்பு.

அண்ணன்


மே 30

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் சுகம்தானே? எனக்கு இடுப்பு பரவாயில்லை. முக்காலியை உயர்த்திவிட்டேன், நீ சொன்னது சரிதான்.

தோல் வந்துவிட்டது. தைத்தும் விட்டேன். ஆனால் பெட்டியின் கதவுக் கீல் உடைந்துவிட்டது. அதே மாதிரி கீல் தேடிக்கொண்டிருக்கிறேன். ரெக்சின் போடு என்று எழுதியிருந்தாயே, நீயா அதை எழுதினாய்? ஒரிஜினல் திருகு இல்லை என்று இரண்டு வருஷம் ஹெட்லைட் மாட்டாமல் இருந்தவன் நீ.

உன் மகன் இவருக்குப் போன் செய்தான். போன வாரம் வந்து கதவைத் தட்டித் தட்டிக் கை வலித்து, கடைசியில் சமையலறை ஜன்னலை நெம்பித் திறந்து வந்தானாம். நீ உள்ளே மேஜையில் உட்கார்ந்து என்ஜினுக்குத் தீப்பொறி கொடுக்கும் மேக்னெட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தாயாம். திடீரென்று அவனைப் பார்த்ததும் ஸ்பேனரை ஓங்கிவிட்டாயாம். இவர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

வண்டியைத் தெருவில் எடுத்தாயா? அதை மட்டும் எழுது.

அன்புடன்,
தங்கச்சி


ஜூன் 18

தங்கச்சிக்கு,

சுகம் விசாரித்து எழுதும் மனநிலையில் நான் இல்லை. இருந்தாலும் மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். எனக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை, முழங்கையில் சின்னச் சிராய்ப்பைத் தவிர.

ஆமாம், எடுத்தேன். வண்டி தெருவில் ஓடத்தான் செய்யப்பட்டது. முக்கில் திரும்பும்போது ஒரு வேன் பின்னாலிருந்து சத்தமே இல்லாமல் வந்து மட்கார்டை உரசிவிட்டது. ஒரு ஹாரன் கிடையாது. நான் இறங்கி அந்த டிரைவரைப் பிடித்துக் கேட்டால் அவன் கையைக் காதில் வைத்துவைத்து ஏதோ கத்துகிறான். அதற்குள் பெயிண்டர் ஓடி வந்தான். என் பக்கம் பேசுவான் என்று பார்த்தால், "அவன் எவ்வளவு நேரமா ஹாரன் அடிச்சிட்டே வந்தான், நீங்கதான் திரும்பலை" என்கிறான். வேன்காரனுக்கும் பெயிண்டருக்கும் என்ன உறவோ.

மட்கார்டைத் தட்டி எடுத்துவிட்டேன். சாயத்தை மட்டும் அவனிடம் கொடுக்கப் போவதில்லை, நானே அடிப்பேன்.

இப்போது உன் விஷயம். முதலில் தோல். பிறகு கீல். அடுத்து என்ன, ஆணியா? எனக்குப் புரியாமல் இல்லை. பெட்டி அழகாக வந்துவிட்டது, கொடுக்க உனக்கு மனசு வரவில்லை. கடை வாசலில் வைத்தால் வியாபாரத்துக்கு நல்ல விளம்பரம். சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்தக் குணம் உண்டு, பாதியை எடுத்து ஒளித்து வைத்துக்கொள்வாய். வண்டி பாதி, பெட்டி பாதி. ஒன்றில்லாமல் இன்னொன்று பாதிதான்.

நீ அனுப்ப வேண்டாம். நான் வண்டியிலேயே உன் ஊருக்கு வருகிறேன். நெடுஞ்சாலையில் ஒரு பகல் ஓட்டம், அவ்வளவுதானே. உன் கடை வாசலிலேயே பெட்டியை மாட்டிக்கொண்டு திரும்புகிறேன். ஜூலை முதல் வாரம் எதிர்பார்.

அண்ணன்


ஜூன் 24

அண்ணா,

நீ எழுதியது இன்று கிடைத்தது, இன்றே எழுதுகிறேன். சுகமா என்று நான் கேட்கவில்லை. நீ என்ன எழுதுவாய் என்று தெரியும்.

பெட்டி எப்போதோ தயார். தோல் தாமதமாகவில்லை, கீல் உடையவில்லை. நான்தான் அனுப்பவில்லை.

மார்ச்சில் நீ அனுப்பிய பதிவை நான் ஒரு தடவை மட்டும் கேட்கவில்லை, திரும்பத் திரும்பக் கேட்டேன். டாப்பெட் இரண்டும் அடிக்கின்றன. நன்றாகவே அடிக்கின்றன. அது பெரிய விஷயம் இல்லை, இறுக்கினால் போய்விடும். ஆனால் அதே பதிவில் பெயிண்டர் குரல் இருக்கிறது. "ஐயா" என்கிறார். மறுபடி "ஐயா, அணைங்க, அடிக்குது" என்கிறார். மூன்றாவது தடவை கத்துகிறார். பிறகு உன் பெயரைச் சொல்லித் தபால்காரர் கூப்பிடுகிறார். நீ யாருக்கும் பதில் சொல்லவில்லை. பக்கத்தில்தான் நிற்கிறாய், ஏதோ பாட்டு முணுமுணுக்கிறாய்.

சத்தம் நிற்கும் இடத்தில் நிறுத்துவேன் என்கிறாய். சத்தம் நிற்கவில்லை, அண்ணா. உனக்குத்தான் முன்னாடியே நின்றுவிடுகிறது.

எல்லோரும் வாய்க்குள் பேசவில்லை. செயலாளர் சிரித்தது உன்னைப் பார்த்து இல்லாமலும் இருக்கலாம். வேன்காரர் ஹாரன் அடித்தார்.

நீ வண்டியில் நெடுஞ்சாலையில் வந்தால் நான் கடையைப் பூட்டிவிட்டுப் போய்விடுவேன். கதவைத் தட்டித் தட்டி நிற்பாய்.

தங்கச்சி


ஜூலை 3

கடிதம் கிடைத்தது. நான் வரவில்லை. பெட்டியை நீயே வைத்துக்கொள். இனிமேல் எழுத வேண்டாம்.

மாப்பிள்ளை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்.


ஆகஸ்ட் 22

அன்புள்ள அண்ணனுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இவ்வளவு நாள் பொறுத்திருந்தேன். சுகமாக இருக்கிறாயா என்று மகனிடம் கேட்டால், "அப்பா வண்டிக்குத் துணி போட்டு மூடிட்டாரு அத்தை. ஆனா துணியச் சுத்திச் சுத்தி நடந்துட்டே இருக்காரு" என்கிறான். அந்த நடையை நான் பார்த்திருக்கிறேன்.

இது வேறு விஷயம். தொழில் விஷயம். படித்துவிட்டுக் கிழித்துப் போட்டுவிடு.

என் பெரிய தையல் மெஷின் மோட்டார் ஒரு மாதமாக முனகிக்கொண்டிருந்தது. போன வாரம் பிரித்தேன். பக்கத்துக் கடையில் தகடு அறுத்துக்கொண்டிருந்தார்கள், காது கிழிந்தது. இரண்டு காதிலும் பஞ்சை உருட்டித் திணித்துக்கொண்டேன். உலகமே அடங்கிவிட்டது. மோட்டாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்ததால் திருப்புளியின் கைப்பிடியைப் பல்லில் கடித்துக்கொண்டேன். குனிந்தபோது அதன் நுனி ஓடுகிற மோட்டாரில் பட்டது.

அண்ணா, மோட்டார் என் தலைக்குள் ஓடியது. காதில் பஞ்சு அடைத்தபடியே இருக்கிறது, தகடு அறுக்கும் சத்தம் தூரத்தில் ஈ மாதிரி. ஆனால் பேரிங்கில் எந்தக் குண்டு தேய்ந்திருக்கிறது என்று சொல்லும் அளவுக்குத் துல்லியமாகக் கேட்டது. காது வழியாக இல்லை. பல் வழியாக, எலும்பு வழியாக.

நாம் இவ்வளவு காலம் திருப்புளியைத் தப்பான இடத்தில் வைத்துக்கொண்டிருந்தோமோ என்று தோன்றியது.

இவ்வளவுதான் விஷயம். கைப்பிடி மரத்தில் இருந்தால் நல்லது. பிளாஸ்டிக் வழுக்குகிறது.

அன்புடன்,
தங்கச்சி


செப்டம்பர் 14

தங்கச்சிக்கு அண்ணன் எழுதுவது.

உன் இடுப்பு, மாப்பிள்ளையின் கரண்டி, இரண்டும் எப்படி இருக்கின்றன? எனக்குக் கை, கால், கண் எல்லாம் நன்றாக இருக்கின்றன. பல்லில் ஒன்று மட்டும் ஆடுகிறது. அதற்கு நீதான் காரணம்.

உன் கடிதத்தைக் கிழித்துத்தான் போட்டேன். பிறகு மரக் கைப்பிடி போட்ட அந்தப் பழைய நீளத் திருப்புளி எங்கே என்று தேடினேன். உன் பேச்சைக் கேட்டு அல்ல. அது எங்கே போயிற்று என்று கொஞ்ச நாளாகவே தேடிக்கொண்டிருந்தேன்.

துணியை எடுத்தேன். வண்டியை உதைத்து ஓடவிட்டேன். முதலில் காதில் வைத்தேன். பட்டுத் துணி. பிறகு கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டு, கைப்பிடியைப் பல்லில் கடித்து, நுனியை டாப்பெட் மூடிமேல் வைத்தேன்.

கூழாங்கல் என்று பெயிண்டர் சொன்னது மரியாதைக்குச் சொன்னது. கருங்கல்.

எவ்வளவு நேரம் அப்படியே குனிந்திருந்தேன் என்று தெரியவில்லை. எச்சில் வடிந்து சட்டை நனைந்துவிட்டது. ஒவ்வொரு அடியும் மண்டைக்குள் விழுந்தது. இந்த மாதிரித் தெளிவாக ஒரு சத்தத்தைக் கேட்டுப் பல வருஷம் ஆகிவிட்டது என்று தோன்றியது. தோன்றியது என்றுதான் எழுதுகிறேன். அதற்குமேல் நீ எதையும் எழுதிக்கொள்ளாதே.

அணைத்தேன். இறுக்கினேன். ஓட்டினேன். கடித்தேன். மறுபடி அணைத்தேன். சத்தம் நிற்கும் இடம் நான் வைத்திருந்த இடத்திலிருந்து ரொம்ப தூரத்தில் இருந்தது. அங்கே நிறுத்தினேன். வண்டி ஆறியதும் உன் தகட்டை இழுப்பறையிலிருந்து எடுத்துச் செருகிப் பார்த்தேன். இழுத்தால் லேசாகப் பிடித்துக்கொண்டு வந்தது. தகடு சரியான தகடுதான். இனி அதை நம்பலாம்.

கதவைத் திறந்தால் பெயிண்டர் வெளியே நின்றுகொண்டிருந்தான். "சொல்லு" என்றேன். அவன் கையை விரித்து, உள்ளங்கையைக் கீழே பார்த்தபடி தரைக்கு மேல் மெதுவாக நகர்த்திக் காட்டினான், தண்ணீர் போகிற மாதிரி. மட்கார்டுக்குச் சாயம் அவனிடமே கொடுத்துவிட்டேன்.

மகன் டாக்டரிடம் அழைத்துப்போனான். நானாகப் போகவில்லை, அழைத்துப்போனான். காதில் ஒரு கருவி மாட்டச் சொல்கிறார்கள். ஹெல்மெட்டுக்குள் அது நுழையுமா என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். டாக்டர் அதற்கும் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். மகன் சிரித்தான். இந்தத் தடவை, என்ன சொன்னார் என்று கேட்டேன். "ஹெல்மெட்ட மாத்துங்கன்னு சொன்னாருப்பா" என்றான்.

சாதாரணத் தெருவில்கூட வண்டியை எடுக்கவில்லை. துணியைச் சுற்றி நடப்பதை நிறுத்த முடியவில்லை, அது வேறு.

பெட்டியை லாரியில் அனுப்பாதே. லாரிக்காரர்கள் மூக்கை நசுக்கிவிடுவார்கள், நீ தட்டி எடுத்ததெல்லாம் வீணாகும். நீயே கூட வந்து இறக்கு. அக்டோபரில் வா. கடையை மாப்பிள்ளை பார்த்துக்கொள்ளட்டும்.

இன்னொரு விஷயம், அதுவும் தொழில் விஷயம்தான். காலிப் பெட்டியை மாட்டி ஓட்டினால் இடது பக்கம் திரும்பும்போது பெட்டிச் சக்கரம் தரையை விட்டுத் தூக்கும். எடை வேண்டும். சங்கத்தில் மற்றவர்கள் மணல் மூட்டை கட்டிக்கொண்டு போவார்கள். நானும் ஒன்று தைக்கச் சொல்லலாம் என்று நினைத்தேன், அளவுகூட எடுத்துவிட்டேன்.

ஆனால் பின்னால் ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு வந்தால் மணல் மூட்டை என் முழங்காலைத் தட்டிச் சொல்லாது.

அண்ணன்